சின்னக் கண்ணாடி ஜாடியில் பழப் பை: அடி கழன்று விழுந்தது, எங்கே தப்பு?

#1 மீனா_மிச்சிகன்

எல்லோருக்கும் வணக்கம். ஜாம் போடுகிற குட்டி ஜாடி தெரியும் இல்லையா, 4 அவுன்ஸ், 120 மில்லி சொச்சம் பிடிப்பது? அதற்குள்ளேயே பை (pie) மாவை ஒட்டி, பழம் நிரப்பி, மேலே ஒரு வட்டம் மாவு போட்டு மூடி, ஜாடியோடு ஓவனில் வைப்பது. ஆளுக்கு ஒன்று. வெட்டவும் வேண்டாம், தட்டும் வேண்டாம். ஆறியதும் மூடியைத் திருகிக் காரில் எடுத்துப் போகலாம். இங்கே அமெரிக்கர்கள் பல வருடங்களாகச் செய்வதுதான். எங்கள் பிக்னிக்குக்கு 24 பேருக்கு இனிப்பு கொண்டுவருவதாக வாயை விட்டுவிட்டேன், அதற்கு ஒத்திகை பார்த்தேன்.

போன ஞாயிறு சவுத் ஹேவன் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்களே பறித்த பிளூபெர்ரி. ராத்திரியே 12 ஜாடி தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் ஓவனைத் தட்டோடு 190 டிகிரிக்குச் சூடாக்கி, ஜாடிகளை அந்தத் தட்டில் அடுக்கி 45 நிமிடம் விட்டேன்.

ஒன்பது பத்திரமாக வந்தன. ஒன்று ஓவனுக்குள்ளேயே விரிசல் விட்டுவிட்டது. இரண்டு, வெளியே எடுத்து மேடையில் வைத்த கொஞ்ச நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கையுறையோடு தூக்கினேன். ஜாடி கையோடு வந்தது, அடி மட்டும் கத்தியால் அறுத்த மாதிரி வட்டமாக மேடையிலேயே இருந்தது. நடுவில் ஊதாக் கலரில் ஒரு குளம்.

கேள்வி இரண்டு. ஏன் உடைந்தது? பிழைத்த ஒன்பதிலும் அடி மாவு வெளுத்துக் கொழகொழவென்று இருந்ததே, அதற்கு என்ன செய்வது?

#2 சும்மா_படிப்பவன்

தலைப்பைப் பார்த்துவிட்டு, பழம் வாங்கி வரும் பையின் அடி கிழிந்த கதை என்று உள்ளே வந்தேன். மன்னிக்கவும், தொடருங்கள்.

#3 ரதி_ஸ்காபரோ

மீனா, நான் நாலு வருஷமாக இதே 125 மில்லி போத்தலில் செய்து வருகிறேன். இதுவரை ஒன்றும் உடையவில்லை. ஒரே விஷயம்தான்: ஓவனை முதலில் சூடாக்குவதே இல்லை. போத்தல்களைத் தட்டில் அடுக்கி, குளிர்ந்த ஓவனுக்குள் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவேன். ஓவனும் போத்தலும் ஒன்றாகச் சூடாகும். கொஞ்சம் சுணங்கும், 55 நிமிஷம் பிடிக்கும், ஆனால் சேதம் இல்லை.

12 போத்தலுக்கு என்னுடைய அளவு: கோதுமை மா 360 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, பட்டர் 240, ஐஸ் தண்ணீர் 120. மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று, நிறையில். அளவுக் கோப்பையை நம்பாதீர்கள், தராசு வையுங்கள். பட்டர் கட்டியாக, கடலைப் பருப்பு அளவில் மாவுக்குள் தெரிய வேண்டும். ரொட்டிக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் செருப்புத் தோல்தான் கிடைக்கும். ஒரு போத்தலுக்கு 60 கிராம் மா: 40 உள்ளே, 20 மேலே. உருட்டி விரிக்கத் தேவையில்லை, விரலால் அழுத்திச் சுவரில் ஏற்றினால் போதும்.

பழம் 600 கிராம், சீனி 100, சோள மா இரண்டரை மேசைக்கரண்டி, அரைத் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). மேல் மாவில் கட்டாயம் இரண்டு கீறல் போடுங்கள், ஆவி போக வேண்டும்.

ஃப்ரீசரில் அடுக்கி வைத்து, ஆட்கள் வந்தால் அப்படியே எடுத்துக் குளிர்ந்த ஓவனில் வைத்துவிடுவேன். அந்த வசதிக்காகத்தானே இதைச் செய்வதே.

#4 உலைக்களம்

அம்மா மீனா, நான் பாட்டில் தொழிற்சாலையில் 22 வருடம் இருந்தவன். சமையல் தெரியாது, கண்ணாடி தெரியும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கண்ணாடியை உருக்குவதே 1500 டிகிரியில், 190 டிகிரி அதற்கு எம்மாத்திரம் என்று. சூடு கண்ணாடியை உடைப்பதில்லை. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருப்பதுதான் உடைக்கிறது. சூடான பக்கம் விரியப் பார்க்கும், குளிர்ந்த பக்கம் விடாது. அந்த இழுபறியில் எங்காவது ஒரு கீறல் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பிளந்துவிடும்.

ஜாம் ஜாடி சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. ஆய்வகக் குடுவை செய்கிற போரோசிலிகேட் கண்ணாடி விரிவதைப்போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். இன்னொன்று: கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. குளிர்ந்த ஜாடியைச் சூட்டில் வைத்தால் மேல்தோல் விரிந்து அமுக்கத்தில் நிற்கும், ஓரளவு பிழைக்கும். சூடான ஜாடியைச் சட்டென்று குளிர்வித்தால் மேல்தோல் சுருங்கப் பார்த்து இழுவைக்குப் போகும். அங்கேதான் ஆபத்து அதிகம். உங்களுக்கு உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தபின் போனது இரண்டு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அடி வட்டமாகக் கழன்றது என்றீர்களே, அது வெப்ப அதிர்ச்சியின் கையெழுத்து. அடிக் கண்ணாடி தடிமன், சுவர் மெல்லிசு, இரண்டும் சேரும் மூலையில்தான் அறும். கீழே விழுந்து உடைந்தால் இப்படி அறாது.

எங்கள் ஆலையில் பாட்டிலை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சோதிப்போம். வழக்கமாக வைக்கும் வித்தியாசம் 42 டிகிரி. அதைத் தாங்கினால் போதும் என்றுதான் பாட்டில் செய்கிறார்கள். நீங்கள் கொடுத்தது எவ்வளவு என்று பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மேடை ஈரமாக இருந்ததா?

#5 மீனா_மிச்சிகன்

ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ஜாடிகளை எடுப்பதற்கு முன்னால்தான் மேடையை ஈரத் துணியால் துடைத்தேன். அதுவும் கிரானைட். உடையாத ஒன்பதில் பாதியை இடம் இல்லாமல் மரப் பலகையில் வைத்திருந்தேன், இப்போதுதான் உறைக்கிறது.

#6 கோவை_சுமதி

ரதி அக்கா அளவைப் பார்த்து நேற்றே முயன்றேன். என்னிடம் இருப்பது ஓடிஜி, மேசை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன். குன்னூரிலிருந்து வந்த பிளம்ஸ் ஒரு கிலோ இருந்தது. ஜாடிக்குப் பதில் வீட்டில் இருந்த காலி ஜாம் பாட்டில் நான்கு. உடையவில்லை. ஆனால் மாவு கல் மாதிரி ஆகிவிட்டது, நிறமும் சாணிப் பழுப்பு. என் மகன் வரட்டி என்று பெயர் வைத்துவிட்டான். கோதுமை மாவு நல்ல மாவுதான், மில்லில் அரைத்தது.

#7 ரதி_ஸ்காபரோ

ஐயோ சுமதி! எங்கள் ஊரில் கோதுமை மா என்றால் நீங்கள் மைதா என்று சொல்வது. நீங்கள் அரைத்ததை நாங்கள் ஆட்டா மா என்போம். பிழை என்னுடையது, இரண்டு ஊர் ஆட்களும் வாசிக்கிற இடம் என்று யோசித்திருக்க வேண்டும். மைதாவில் திரும்பச் செய்து பாருங்கள்.

#8 உலைக்களம்

சுமதி அம்மா, மாவு போனால் போகட்டும். அந்த ஜாம் பாட்டிலை மறுபடி சூட்டில் வைக்காதீர்கள். ஒரு தடவை ஜாம் ஊற்றி விற்பதற்குச் செய்தது அது, எடை குறைக்கச் சுவரை மெல்லிசாக ஊதியிருப்பார்கள்.

ஓடிஜியில் இன்னொரு சங்கடம். கம்பி கண்ணுக்கு நேராகச் சிவக்கிறது. குளிர்ந்த அடுப்பில் வைத்தாலும், கம்பிக்கு அருகில் இருக்கும் பக்கம் இரண்டே நிமிடத்தில் சுட்டுவிடும், மறுபக்கம் அப்படியே கிடக்கும். ரதி அம்மா சொல்லும் வழி பெரிய ஓவனுக்குப் பொருந்தலாம், சின்ன ஓடிஜிக்குப் பொருந்தாது. ஓவனுக்கு என்றே எழுதி விற்கும் போரோசிலிகேட் கிண்ணம் எடுங்கள். அது இல்லாவிட்டால், வீட்டில் டபரா இல்லையா? எவர்சில்வர் எதற்கும் அஞ்சாது.

#9 ரதி_ஸ்காபரோ

“பொருந்தலாம்” என்று இழுக்கிறீர்களே ஐயா. நாலு வருஷம், குறைந்தது இருநூறு போத்தல். ஒன்றும் உடையவில்லை என்றால் வழி சரி என்றுதானே அர்த்தம்?

#10 உலைக்களம்

கோபிக்காதீர்கள் அம்மா. உங்கள் வழியில் வித்தியாசம் குறைகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு அனுபவம் சேராது, கீறல்தான் சேரும். கரண்டி உரசியது, ஒன்றோடொன்று இடித்தது, கம்பி நாரால் தேய்த்தது எல்லாம் மேல்தோலில் நிற்கும். பத்து முறை பிழைத்த ஜாடி பதினோராம் முறைக்குப் பலவீனமாகத்தான் வருகிறது. ஜாடி செய்கிறவர்களே அதை ஓவனில் வைக்கச் சொல்வதில்லை. கொதிக்கும் நீருக்குள் நிற்க வைப்பதற்குச் செய்தது அது. நீர் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடு தரும், 100 டிகிரியைத் தாண்டாது. உலர்ந்த ஓவன் காற்று வேறு சாதி.

செய்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. செய்தால் புது ஜாடியாக எடுங்கள், விளிம்பையும் அடியையும் நகத்தால் தடவிப் பாருங்கள். முடிந்ததும் ஓவனை அணைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து, உள்ளேயே கால் மணி நேரம் விடுங்கள். பிறகு உலர்ந்த மடித்த துண்டின் மேல் வையுங்கள். குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் நான் செய்ய மாட்டேன். கண்ணாடித் துணுக்கு பழத்துக்குள் தெரியாது.

#11 ரதி_ஸ்காபரோ

கம்பி நார் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அதால்தான் தேய்க்கிறேன்.

#12 கிறிஸ்துமஸ்_கூடை

நல்ல யோசனை எல்லாம். எனக்கு ஒரு சந்தேகம். ஓவனிலிருந்து எடுத்த சூட்டிலேயே மூடியைப் போட்டு இறுக்கினால், ஆறும்போது மூடி ‘டப்’ என்று உள்ளே இழுத்து சீல் ஆகிவிடுகிறதே. ஜாம் மாதிரி இரண்டு மூன்று மாதம் அலமாரியில் வைக்கலாமா? டிசம்பரில் பரிசுக் கூடையில் போட்டு விற்கலாம் என்று இருக்கிறேன்.

#13 ஆய்வக_அமுதா

வேண்டவே வேண்டாம். நான் உணவு நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஜாம் கெடாததற்குக் காரணம் மூடி இல்லை. புளிப்பும், குவிந்த சர்க்கரையும், கொதிநீரில் வைத்து எடுத்த கணக்கும் சேர்ந்ததுதான். காற்று புகாத இடத்தில் வளரும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரண ஓவன் சூட்டில் சாகாது. வெளிச்சூடு 190 என்றாலும் ஈரமான பண்டத்தின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது. புளிப்பைக் காட்டும் pH எண் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது, பெரும்பாலான பழங்கள் அதற்குக் கீழேதான். ஆனால் பை என்பது பழம் மட்டும் இல்லையே. ஈரம் ஊறிய மாவில் புளிப்பு இல்லை, மூடி காற்றை அடைத்துவிட்டது. நச்சு உருவானால் வாசனையில் தெரியும் என்று நம்ப முடியாது.

ஜாடியில் கேக், ரொட்டி சுட்டு மூடி வைக்கும் வழக்கத்தை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் அமெரிக்காவின் வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையம் வெளிப்படையாகவே கூடாது என்கிறது. அந்த ‘டப்’ சத்தம் பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை. சூடு ஆறினால் எந்த மூடியும் இழுக்கும்.

முழுதும் ஆறவிட்டு, மூடி போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிடுங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் அன்றே கொடுங்கள், “ஃபிரிட்ஜில் வைக்கவும்” என்று சீட்டு ஒட்டுங்கள்.

#14 கிறிஸ்துமஸ்_கூடை

நல்லவேளை கேட்டேன். முறுக்குக்கே போய்விடுகிறேன்.

#15 நியூஜெர்சி_ஹரி

கொஞ்சம் தடம் மாறுகிறேன். பழைய ஜாடிகளில் “பேட்டன்ட் நவம்பர் 30, 1858” என்று புடைத்த எழுத்து இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகர வேலைக்காரர் வாங்கிய காப்புரிமை அது. அதுவரை ஜாடி வாயில் மெழுகு உருக்கி ஊற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்தான் திருகு மரை கொண்டுவந்தார். காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பால் (Ball) சகோதரர்கள் ஐந்து பேர் 1880களின் கடைசியில் இண்டியானாவின் மன்சிக்கு ஆலையை மாற்றினார்கள், அங்கே பூமியிலிருந்து எரிவாயு கிடைத்ததால். அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கே அவர்கள் பெயர்தான். மேசன் வசதியில்லாமல் செத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிக்னிக்குக்கு ஜாடிதான் வேண்டும் என்றால், சுடவே சுடாத பை ஒன்று நம் ஆட்களிடமே இருக்கிறதே. தேங்க்ஸ்கிவிங்குக்கு அமெரிக்க இந்திய வீடுகளில் செய்யும் மாம்பழப் பை. டின் மாம்பழக் கூழ், கிரீம் சீஸ், கிரஹாம் பிஸ்கட் தூள், ஜெலட்டின். ஜாடி அடியில் பிஸ்கட் தூளை வெண்ணெயில் பிசறி அழுத்தி, மேலே கலவையை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது.

#16 மீனா_மிச்சிகன்

ஹரி, வருகிறவர்களில் பாதிப் பேர் சைவம், ஜெலட்டின் ஆகாது. அகர் அகர் (கடல்பாசி) போட்டால்?

#17 நியூஜெர்சி_ஹரி

போடலாம். ஆனால் அகரைக் கொதிக்கவிட்டுக் கரைக்க வேண்டும், மாம்பழக் கூழையும் லேசாகச் சூடாக்கிக்கொண்டு சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கூழில் ஊற்றினால் உடனே திரி திரியாகிவிடும். அளவும் கம்மி, ஜெலட்டின் அளவுக்குப் போட்டால் ரப்பர். எங்கள் வீட்டில் ஒரு வருடம் அந்த ரப்பரைத்தான் சாப்பிட்டோம், என் மாமியார் செய்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

#18 அடுமனை_பாலா

இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கொழகொழ அடி.

பச்சைப் பழத்தை ஜாடியில் போட்டால், அது சாறு விட்டு, சாறு கொதித்து, மாவுச்சத்து கெட்டியாகும் வரை அடி மாவு தண்ணீரில் நிற்கிறது. அகலப் பைத் தட்டில் ஆவி போக இடம் உண்டு. ஜாடி ஒரு கிணறு. அதனால் பழத்தை முதலில் அடுப்பில் வைத்து, சர்க்கரை, சோள மாவோடு கொதி வந்து கலங்கல் தெளிந்து பளபளப்பாகும் வரை கிளறுங்கள். முழுதாக ஆறிய பிறகு மாவில் நிரப்புங்கள். சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகி எல்லாம் வீண்.

ஃப்ரீசரில் வைக்கப் போகிறீர்கள் என்றால் சோள மாவு வேண்டாம், உறைந்து உருகும்போது தண்ணீர் விட்டுவிடும். மரவள்ளி மாவு தாங்கும். நான் சேலத்து ஜவ்வரிசியையே மிக்ஸியில் நைசாக அரைத்துப் போடுகிறேன். அரை கிலோ பழத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி. பிளூபெர்ரி நிறம் மங்காமல் கண்ணாடி மாதிரி வரும்.

அடி மாவு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். விரலால் அழுத்தும்போது மூலையில் திரண்டுவிடும், அங்கேதான் வேகாமல் நிற்கும்.

கடைசியாக ஒன்று. ஜாடியில் ஏன் சுட வேண்டும்? மஃபின் தட்டில் சுடுங்கள். உலோகம், சூடு நேராக ஏறும், 200 டிகிரியில் அடி நன்றாகச் சிவக்கும். மஃபின் குழியின் வாய் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அகல வாய் ஜாடியின் மூடி 86 மில்லிமீட்டர். ஆறியதும் பையை அப்படியே உள்ளே இறக்கலாம். 4 அவுன்ஸ் ஜாடி சிறுவாய், 70 மில்லிமீட்டர், அதில் இறங்காது. 8 அவுன்ஸ் அகல வாய் வாங்குங்கள். மேலே மிஞ்சும் இடத்தில் கொஞ்சம் கிரீம்.

#19 ரதி_ஸ்காபரோ

அது ஜாடியில் *வைத்த* பை, ஜாடியில் சுட்ட பை இல்லை. சுவரில் ஒட்டிச் சிவந்த மா கண்ணாடி வழியாகத் தெரியுமே, அந்த அழகு வராது.

#20 அடுமனை_பாலா

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. அழகு போகும், அடி வேகும்.

#21 மீனா_மிச்சிகன்

பிக்னிக் முடிந்தது. பாலா அண்ணா சொன்ன வழியில் 24, மஃபின் தட்டில். பழத்தை முந்தின நாளே கிளறி வைத்தேன், ஜவ்வரிசி மாவில். அடி மொறுமொறுவென்று வந்தது, ஜாடிக்குள் இறக்கும்போது இரண்டு உதிர்ந்ததை நாங்களே தின்றுவிட்டோம். மீதி ஏழு மணி நேரம் ஐஸ் பெட்டியில் இருந்தும் கெடவில்லை, மாவு மட்டும் சாயங்காலத்துக்குள் கொஞ்சம் நமுத்துவிட்டது. அடுத்த தடவை கிளம்புவதற்கு முன்தான் ஜாடியில் இறக்க வேண்டும்.

ஹரியின் மாம்பழம் ஆறு ஜாடி தனியாகச் செய்தேன். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, முதலில் காலியானது அதுதான். பிளூபெர்ரி பறிக்க முதுகு ஒடிந்தது எனக்கு.

உலைக்களம் ஐயா, பழைய ஜாடிகளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஐந்தில் கீறல். எல்லாம் இப்போது பட்டன், ஊசி போடும் டப்பா.

#22 ரதி_ஸ்காபரோ

நானும் பார்த்தேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன். புதுப் போத்தல் வாங்கியாச்சு, கம்பி நாரை எறிந்தாச்சு. ஓவனில் வைப்பதை மட்டும் விட மாட்டேன்.

#23 கோவை_சுமதி

மைதா, டபரா, பிளம்ஸ். ஓடிஜியில் 40 நிமிடம். வெளியிலிருந்து அடி சிவந்ததா என்று தெரியாததால் ஒன்றைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்தேன். சிவந்திருந்தது. கவிழ்த்ததை நான் சாப்பிட்டேன், மீதி மூன்று இருந்தன. மகன் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு நாலாவது டபரா எங்கே என்று கேட்டான்.